பில்ட் ஸ்கிரிப்டில் சிம்லிங்க்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: லினக்ஸில் ஒழுங்காக ஓடும் பில்ட் (கோடிலிருந்து மென்பொருளை உருவாக்கும் வேலை), புராஜெக்டை விண்டோஸில் கிட் மூலம் குளோன் செய்தால், அதாவது நகலெடுத்தால், உடைகிறது. சிம்லிங்க் (வேறொரு ஃபைலையோ ஃபோல்டரையோ காட்டும் லிங்க்) இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரி கொண்ட சின்ன டெக்ஸ்ட் ஃபைல்தான் இருக்கிறது. ஏன்?

பதில்: அந்த வரியைப் படித்துப் பாருங்கள், ஒரு ஃபைல் பாதை இருக்கும். கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட், ஒரு சிம்லிங்க்கை 120000 என்ற மோடில் (ஃபைல் வகையைக் குறிக்கும் எண்) சேமிக்கிறது. உள்ளடக்கம் என்று அதற்கு இருப்பது அந்தப் பாதை மட்டுமே. கோர்.சிம்லிங்க்ஸ் செட்டிங் 'ஃபால்ஸ்' என்று இருந்தால், கிட் அதைச் சாதாரண ஃபைலாக எழுதி வைத்துவிடும். கம்பைலர் அதை புரோகிராம் கோடு என்று நினைத்துப் படிக்கும்போது, சம்பந்தமே இல்லாத இடத்தில் எர்ரர் வரும்.

முதலில் அனுமதியைச் சரிசெய்யுங்கள். விண்டோஸில் சிம்லிங்க் உருவாக்க அட்மின் உரிமை வேண்டும். 2017இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, டெவலப்பர் மோடை ஆன் செய்தாலும் போதும். அப்புறம் கிட் செட்டிங்கை 'ட்ரூ' ஆக்குங்கள். அதை குளோபல் அளவில் மட்டும் மாற்றிவிட்டு, "இன்னும் சரியாகவில்லையே" என்று பலர் தவிக்கிறார்கள். ரெப்போவின் (அந்த புராஜெக்டின் கிட் களஞ்சியம்) சொந்த கான்ஃபிக்கில் 'ஃபால்ஸ்' பதிவாகியிருந்தால் அதுதான் ஜெயிக்கும். அங்கேயும் மாற்றி, அந்த ஃபைல்களை அழித்துவிட்டு, மறுபடி செக்அவுட் செய்யுங்கள், அதாவது கிட்டிலிருந்து திரும்ப எடுங்கள்.

கேள்வி: கிட் பேஷில் (விண்டோஸில் கிட்டோடு வரும் கட்டளைச் சாளரம்) லிங்க் போடும் எல்என் கட்டளை எர்ரர் இல்லாமல் முடிகிறது. ஆனால் மூல ஃபைலைத் திருத்தினால் லிங்க்கில் மாற்றம் தெரிவதில்லை.

பதில்: அது லிங்க்கே இல்லை, நகல். கிட் பேஷ் இயங்கும் எம்சிஸ் சூழலில் எல்என் வழக்கமாக நகல்தான் எடுக்கும். எம்சிஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் 'வின்சிம்லிங்க்ஸ்:நேட்டிவ்ஸ்ட்ரிக்ட்' என்று வையுங்கள். லிங்க் போட முடியாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். நிற்பதுதான் நல்லது. பழைய நகலை வைத்துக்கொண்டு 'வெற்றி' என்று முடியும் பில்டை நம்பி ரிலீஸ் செய்யக் கூடாது.

கேள்வி: அட்மின் உரிமை கிடைக்காத கணினியில் ஜங்ஷன் (ஃபோல்டரைக் காட்டும் விண்டோஸின் இன்னொரு வகை லிங்க்) பயன்படுத்தலாமா?

பதில்: ஃபோல்டருக்கு மட்டும், அதே கணினியில் இருக்கும் டிரைவுக்குள் என்றால் தாராளமாக. ஆனால் ஜங்ஷன் முழுப் பாதையைத்தான் சேமிக்கும். ஃபோல்டரை இடம் மாற்றினால் உடைந்துவிடும்.

கேள்வி: 'கரன்ட்' என்ற லிங்க்கை வி1இலிருந்து வி2க்கு மாற்ற, எல்என் கட்டளையை எஸ், எஃப் ஆப்ஷன்களோடு ஓட்டினேன். லிங்க் மாறவே இல்லை.

பதில்: வி1 ஃபோல்டருக்குள் பாருங்கள், வி2 என்று புதிதாக ஒரு லிங்க் இருக்கும். 'கரன்ட்' ஏற்கெனவே ஒரு ஃபோல்டரைக் காட்டுவதால், எல்என் அதன் உள்ளே போய் லிங்க் போட்டுவிட்டது. சார்புப் பாதை எப்போதும் லிங்க் இருக்கும் இடத்திலிருந்துதான் கணக்கிடப்படும், நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து அல்ல. அதனால் வி2 என்று மட்டும் கொடுத்திருந்தால் அந்த லிங்க் தன்னையே காட்டிக்கொண்டிருக்கும். எஸ், எஃப் கூட 'என்' (n) என்ற ஆப்ஷனையும் சேருங்கள். லினக்ஸ், மேக் இரண்டிலும் வேலை செய்யும். விண்டோஸில் லிங்க் போடும் எம்கேலிங்க் கட்டளையில் வரிசை தலைகீழ்: முதலில் லிங்க்கின் பெயர், பிறகுதான் இலக்கு.

கேள்வி: லிங்க் காட்டும் உண்மையான பாதையைத் தெரிந்துகொள்ள ரீட்லிங்க் கட்டளையை ஓட்டினேன். பழைய மேக்கில் அது எஃப் ஆப்ஷனை ஏற்கவில்லை.

பதில்: மேக்ஓஎஸ் 12.3இல்தான் அந்த ஆப்ஷன் வந்தது. ஃபோல்டரின் உண்மையான பாதை போதுமென்றால், சிடி (cd) கட்டளை மூலம் உள்ளே போய், இருக்கும் இடத்தின் பாதையைக் காட்டும் பிடபிள்யூடி கட்டளையைப் பெரிய பி ஆப்ஷனோடு ஓட்டுங்கள்.

கேள்வி: ஜிப் செய்ததும் பேக்கேஜ் பெரிதாகிவிடுகிறது.

பதில்: லிங்க்குகளுக்குப் பதிலாக அவை காட்டும் ஃபைல்களே உள்ளே போகின்றன. ஜிப் கட்டளைக்கு ஒய் ஆப்ஷன் கொடுத்தால் லிங்க் லிங்க்காகவே இருக்கும். விண்டோஸில் விரிக்கப்போகும் பேக்கேஜ் என்றால் அப்படிக் கொடுக்காதீர்கள், பெரிதாகவே இருக்கட்டும்.