ஆள் பிடித்த கதை

அன்புள்ள ஐயா,

வேலைக்கு நடுவே ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். தென்கிழக்காசிய வரலாறு, மொத்தம் 12 வாரம். ஆர்வமாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஸ்ரீவிஜயம், பகான், அங்கோர், மஜாபாகித், அயுத்தயா, மலாக்கா என்று வாரத்துக்கு ஒன்றாக வந்து போகிறது. ஒரு அரசன் பெயர் மனதில் நிற்பதற்குள் அடுத்த நாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். இன்னொரு வருத்தமும் உண்டு. ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்புக்கு மொத்தமே இரண்டு நிமிடம்தான். ஒன்பதாவது வாரம் ரப்பர் தோட்டங்கள், தொழிலாளர் என்று ஒரே பட்டியலும் வரைபடமுமாக இருந்ததால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டேன். இத்தனை பெரிய நிலப்பரப்பின் வரலாற்றை இப்படிப் பறந்துகொண்டே படிப்பதில் பயன் இருக்கிறதா, நிறுத்திவிடலாமா? சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம், கட்டலாமா? கடைசிக் கட்டுரைக்குச் சோழர் கடற்படையை எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

எம்., கோவை

அன்புள்ள எம்,

சான்றிதழைக் காட்டினால் அலுவலகத்தில் சம்பளம் ஏறும் என்றால் பணம் கட்டுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். அரசர் பெயர் நிற்கவில்லை என்பது ஒரு குறையே இல்லை. பரீட்சை முடிந்த மறுநாள் யாருக்குமே நிற்காது.

அந்த இரண்டு நிமிடத்தைத்தான் பேச வேண்டும். போன மாதம் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில் ஒருவர் ‘ஆசியாவையே ஆண்ட தமிழன்’ என்று ஒரு மணி நேரம் முழங்கினார். கைதட்டல் அடங்கவில்லை. அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்த எரிச்சலுக்கு உங்கள் கடிதம் வாகாக வந்து சேர்ந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், அவருக்குச் சேர வேண்டியதும் சேர்ந்து உங்களுக்கே கிடைக்கப்போகிறது.

1025இல் படை போனது உண்மை. ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று மெய்க்கீர்த்தியே சொல்கிறது. துறைமுகங்களை அடித்தார்கள், கொள்ளைப் பொருளோடு திரும்பினார்கள். நிலைத்த ஆட்சி எதையும் அங்கே நிறுவவில்லை. அதற்குச் சுமார் இருபது ஆண்டு முன்னால் அதே கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பியிருக்கிறது, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை எழுதிவைத்திருக்கிறான். 1088இல் சுமத்ராவின் பாரூஸுக்குப் பக்கத்தில் லோபு துவாவில் தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள் ஐநூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். இரண்டாயிரம் ஆண்டை 12 வாரத்தில் சொல்ல வேண்டிய ஆசிரியர் இதில் படையெடுப்புக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார் என்றால் தாராள மனசுக்காரர்.

உங்களை நான் கடிந்துகொள்வது சோழருக்காக இல்லை, ஒன்பதாவது வாரத்துக்காக.

காவிரிக்கரையில் பிறந்தவனுக்குச் சட்டென்று பிடிபடாத ஒன்று தென்கிழக்காசியாவில் உண்டு. அங்கே நிலத்துக்குப் பஞ்சமே இல்லை, ஆளுக்குத்தான் பஞ்சம். 45 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் 1600 வாக்கில் இரண்டரைக் கோடிக்கும் குறைவான மக்களே இருந்திருப்பார்கள் என்பது பொதுவான கணிப்பு. இன்று அங்கே 65 கோடிக்கு மேல். (ஜாவாவும் வியட்நாமின் செந்நதிப் படுகையும் கொஞ்சம் விதிவிலக்கு. அது தனிக் கதை.) ஆள் இருந்தால் காட்டை அழித்து வயலாக்கலாம். ஆள் இல்லாத அரசனுக்கு வரியும் இல்லை, படையும் இல்லை. அதனால் அங்கே படையெடுத்தவர்கள் எல்லைக்கல்லை நகர்த்துவதைவிட மனிதர்களை ஓட்டிக்கொண்டு வருவதில் குறியாக இருந்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் பாடங்களை மறுபடி பாருங்கள். 1767இல் பர்மியர் சியாமின் (இன்றைய தாய்லாந்து) தலைநகர் அயுத்தயாவை எரித்தார்கள். தங்கத்தோடு கைவினைஞர், கூத்துக் கலைஞர் என்று ஆயிரக்கணக்கானவர்களையும் கொண்டுபோனார்கள். இன்னும் வடக்கே, ஆள் இல்லாமல் பாழடைந்து கிடந்த சியாங் மாயை காவிலன் என்ற சிற்றரசன் அக்கம்பக்கத்து மக்களைப் பிடித்துவந்து நிரப்பினான். அந்தக் காலத்தைப் பற்றி ‘காய்கறியைக் கூடையில் சேர், ஆளை ஊரில் சேர்’ என்று அந்தப் பக்கம் இன்றும் சொலவடை இருக்கிறது. சியாமில் குடியானவன் யாருடைய ஆள் என்பதை அவன் மணிக்கட்டில் பச்சை குத்தினார்கள். 1828இல் சியாம் படை லாவோ தலைநகர் வியஞ்சானைத் தரைமட்டமாக்கியபோது அங்கிருந்த லாவோ மக்களை மீகாங் ஆற்றைத் தாண்டி ஓட்டிவந்தது. அப்படியும் அதற்கு முன்பும் பின்பும் வந்து குடியேறியவர்களின் சந்ததியால், லாவோ பேசுகிறவர்கள் இன்று லாவோஸைவிட தாய்லாந்தின் இசான் பகுதியில்தான் அதிகம். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். சுல்தான் மகமூது தன் ஆட்களோடு நழுவிப் போனார், அந்த வம்சம் ஜொகூரில் தொடர்ந்தது. ஊர் போனாலும் ஆள் இருந்தால் அரசு பிழைத்துக்கொள்ளும்.

அரசர் பெயர் ஒன்றைக்கூட மனப்பாடம் செய்யாமல் எட்டு வாரப் பாடம் ஒரு சரடில் வந்துவிட்டது, கவனித்தீர்களா?

அடுத்தது வெள்ளைக்காரன். அவனுக்கும் அதே பிரச்சினை. 1877இல் சிங்கப்பூருக்கு ஒரு கை ரப்பர் நாற்று வந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மோட்டார் வண்டிக்கு டயர் வேண்டியிருந்தது, மலாயாக் காடு முழுக்கப் பால்மரமானது. பால் வெட்ட ஆள்? சொந்த நிலம் வைத்திருந்த மலாய்க்காரன் விடியற்காலைத் தப்பு மேளச் சத்தத்துக்கு எழுந்து தோட்டத்தில் கூலிக்கு நிற்க என்ன தலையெழுத்து? அப்போதுதான் கப்பல் நாகப்பட்டினத்துக்கு வந்தது. 1910 வரை ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைக்கும் சஞ்சிக்கூலி முறை. அதோடு கூடவே வளர்ந்து பின்பு அதன் இடத்தைப் பிடித்தது கங்காணி முறை. தோட்டத்திலிருந்து கங்காணி சொந்த ஊருக்கே வருவான், முன்பணம் கொடுப்பான், பங்காளி, மாமன், மச்சான் என்று கூட்டிப்போவான். அவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை இது நடந்தது. நீங்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித் தள்ளிய பட்டியலில் இருந்தவர்கள் இவர்கள்தான், எம். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்களாகக்கூட இருப்பார்கள்.

என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். கெடாவில் ஒரு தோட்டம். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். கடல் வழியில் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து, சியாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தான். மறுபடியும் ஆள் வேண்டும். தோட்டம் தோட்டமாகப் போய் லாரியில் ஏற்றினார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. பெரியதாத்தா போருக்குப் பிறகு ஊர் திரும்பினார், அவரோடு போன பலர் திரும்பவில்லை. காலரா பார்த்த மனிதர். எந்தத் தண்ணீரையும் கொதிக்கவைக்காமல் கடைசிவரை குடித்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அடுப்படியில் போய்ச் சண்டை போட்டு வெந்நீர் வாங்குவார். ஊரே சிரிக்கும்.

பள்ளிக்கூடத்தில் ராஜேந்திர சோழன் பாடம் நடந்த அன்று ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். “தாத்தா, நீங்க இருந்த கெடாதான் கடாரமாம். ராஜேந்திர சோழன் பிடிச்ச ஊராம்!”

அவர் யோசித்துவிட்டுக் கேட்டார். “அவரு எந்தத் தோட்டத்துக் கங்காணிடா?”

கிண்டல் செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பாதையில் ஜப்பான்காரன் பிடித்துவைத்திருந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேற்பட்டோர் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் இருக்கின்றன, பெயர், வயது, படைப்பிரிவு பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். தமிழர், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு செத்தார்கள். அவர்கள் எத்தனை பேர் என்பதற்கு மதிப்பீடுதான் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு படையெடுப்புக்காக மேடையில் தொண்டை கிழியும் நமக்கு, தாத்தா காலத்துச் சாவுக்கு ஒரு பட்டியல் கேட்கத் தோன்றவில்லை. வரலாற்றில் ஜெயித்த பக்கம் மட்டும்தான் தமிழன் என்று நினைக்கிறோமோ என்னவோ.

வகுப்பை நிறுத்த வேண்டாம். ஒன்பதாவது வாரத்தை மறுபடி பாருங்கள், மனிதர் பேசுகிற வேகத்தில். கட்டுரைக்குக் கங்காணியை எடுங்கள், 1910க்கும் 1938க்கும் நடுவில் நிறுத்திக்கொண்டால் அளவும் சரியாக வரும். இல்லை, சோழர் கடற்படைதான் என்று பிடிவாதமாக இருந்தால் தாராளமாக எழுதுங்கள். எனக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.