கேம் ஜெர்க் அடிக்கிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

வந்திருக்கும் கேள்விகளில் பாதி "லேக் ஆகிறது" என்ற ஒரே வரிதான். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று நோய் இருக்கிறது. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீராக மெதுவாக ஓடினால் எஃப்பிஎஸ் (ஒரு விநாடியில் திரைக்கு வரும் ஃப்ரேம்கள், அதாவது படங்கள்) குறைவு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே வெட்டினால் ஸ்டட்டர். படம் வழவழவென்று ஓடுகிறது, ஆனால் எதிரி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறான், சுட்டது பதியவில்லை, நடந்த தூரம் பின்னால் இழுக்கப்படுகிறது என்றால் அது நெட்வொர்க். எது என்று தெரியாமல் செட்டிங்ஸில் கை வைக்காதீர்கள். ஆஃப்லைனில் ஆட வழியிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஆடிப் பாருங்கள். அப்போதும் வெட்டினால் குறை உங்கள் பெட்டிக்குள்தான்.

கேள்வி: அண்ணா, மூலையில் எஃப்பிஎஸ் 90 என்றே காட்டுகிறது. ஆனாலும் கண்ணுக்கு ஜெர்க் தெரிகிறது. மீட்டர் பொய் சொல்கிறதா?

பொய் சொல்லவில்லை தம்பி, சராசரி சொல்கிறது. ஒரு விநாடியில் 89 ஃப்ரேம்கள் தலா 10 மில்லி விநாடியில் வந்து, ஒன்று மட்டும் 110 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் சரியாக 1000. எண்ணிக்கை 90. மீட்டரில் 90 என்றுதான் வரும். ஆனால் அந்த ஒரு ஃப்ரேமின்போது திரை பத்தில் ஒரு விநாடிக்கும் மேலாக உறைந்து நின்றிருக்கிறது. அதைத்தான் உங்கள் கண் பிடித்தது.

பார்க்க வேண்டியது ஃப்ரேம் டைம் கோடு, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் வரைகோடு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னருடன் வரும் ரிவாட்யூனர், இன்டெலின் பிரசென்ட்மான், கேப்ஃப்ரேம்எக்ஸ் மூன்றும் இலவசம். ஏதாவது ஒன்று போதும். கோடு தட்டையாக இருந்தால் 50 எஃப்பிஎஸ்கூட நிம்மதியாகத் தெரியும். ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு நின்றால் 140-உம் எரிச்சல்தான்.

அந்த ஊசிகள் எப்போது வருகின்றன என்பதில்தான் பாதி விடை. கடிகாரம் வைத்தாற்போல் சம இடைவெளியில் வந்தால் பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு மென்பொருள்: ஆன்டிவைரஸ், சென்சார்களை அடிக்கடி படிக்கும் கண்காணிப்பு மென்பொருள், விளக்கு வண்ணம் மாற்றும் மென்பொருள் போன்றவை. ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். புது இடம், புது எஃபெக்ட் வரும்போது மட்டும் குத்தினால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: புது கேம். முதல் தடவை ஒரு வெடிப்பு வரும்போது அரை விநாடி நின்றுவிடுகிறது. அதே வெடிப்பு அடுத்த தடவை வந்தால் ஒன்றும் ஆவதில்லை. கிராபிக்ஸ் கார்டில் பழுதா?

கார்டு நன்றாக இருக்கிறது. இது ஷேடர் கம்பைல் ஸ்டட்டர்.

ஒளி, நிழல், புகை எல்லாவற்றையும் வரையச் சொல்லும் சின்னச் சின்ன நிரல்கள்தான் ஷேடர்கள். கன்சோலில் எல்லோரிடமும் ஒரே வன்பொருள் இருப்பதால் அவற்றை முழுசாகத் தயார் செய்தே கொடுத்துவிடலாம். பிசியில் முடியாது. கார்டு ஒவ்வொருவரிடமும் வேறு, டிரைவர் பதிப்பும் வேறு. அதனால் பாதி சமைத்த நிலையில் கேமோடு வந்து, உங்கள் கார்டுக்கு ஏற்றபடி உங்கள் பிராசஸரில்தான் கடைசி வேலை நடக்கிறது. அதுதான் கம்பைல். கேம்கள் கார்டோடு பேசும் வழிகளான டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் இரண்டிலும் இதை முன்கூட்டியே செய்து வைப்பது பெரும்பாலும் கேம் செய்தவர்களின் பொறுப்பு. அவர்கள் விட்டுவிட்டால் வெடிப்பு திரைக்கு வரும் அந்த நொடியில்தான் கம்பைல் ஆரம்பிக்கும், ஃப்ரேம் காத்து நிற்கும். ஒரு தடவை முடிந்ததும் டிஸ்கில் சேமிக்கப்படுவதால்தான் அடுத்த தடவை நிற்கவில்லை.

உங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான். தொடக்கத்தில் "ஷேடர்கள் தயாராகின்றன" என்று ஒரு திரை வந்தால் பொறுமையாக முடிய விடுங்கள், பாதியில் தாண்டாதீர்கள். என்விடியா கார்டு என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் (தயாரான ஷேடர்களைச் சேமிக்கும் இடம்) அளவைக் கூட்டி வையுங்கள். டிஸ்க் சுத்தம் செய்கிறேன் என்று அந்த கேஷை அழிக்காதீர்கள். டிரைவர் அப்டேட் செய்தால் கேஷ் பெரும்பாலும் புதிதாக உருவாகும், அதனால் முதல் ஆட்டத்தில் மறுபடி வெட்டினால் பயப்பட வேண்டாம். டைரக்ட்எக்ஸ் 11-இல் ஓடும் வசதி அந்த கேமில் இருந்தால் மாற்றிப் பாருங்கள். மிச்சத்தை அவர்கள் பேட்ச் விட்டுத்தான் சரி செய்ய வேண்டும். கிராபிக்ஸைக் குறைத்தால் போய்விடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இது கார்டின் பலம் சம்பந்தப்பட்டதே இல்லை.

ஒரே எல்லையைத் தாண்டும்போதெல்லாம், பத்தாவது தடவைகூட, வெட்டுகிறது என்றால் கதை வேறு. அடுத்த பகுதியை டிஸ்கிலிருந்து ஏற்றுகிறது. கேம் ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் முதல் இருபது நிமிடம் அருமை. அப்புறம் 110-இலிருந்து 45-க்கு விழுகிறது. விசிறி கத்துகிறது.

சூடு. பல லேப்டாப் பிராசஸர்களுக்கு உச்ச வரம்பு 95 முதல் 105 டிகிரிக்குள் இருக்கும். அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு ஆடுங்கள். வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள், பிராசஸர் ஓடும் கிளாக் வேகத்தையும் பாருங்கள். எஃப்பிஎஸ் விழும் அதே நேரத்தில் அதுவும் விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

தூசியை எடுங்கள், பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், எஃப்பிஎஸ்ஸை 60 அல்லது 75-இல் கட்டிப்போடுங்கள். கடைசியாகச் சொன்னதற்குத்தான் பலன் அதிகம், ஆனால் அதைத்தான் யாரும் செய்ய மாட்டேன் என்கிறார்கள். 110 ஓடி 45-க்கு விழுவதைவிட நிலையான 75 எவ்வளவோ மேல். லேப்டாப்போடு வந்த சார்ஜர்தானா என்றும் பாருங்கள். குறைந்த வாட் சார்ஜரில் போட்டாலும் இப்படியேதான் விழும்.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழையதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இன்னும் 60 ஹெர்ட்ஸ் (திரை விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுவது) என்றே இருக்கும். மாற்றுங்கள். கேபிள் கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா, மதர்போர்டில் சொருகியிருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பதுதான்.

கேள்வி: சார், 8 ஜிபி கார்டு. டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரம்) அல்ட்ராவில் வைத்து ஆடுகிறேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு கேமராவைத் திருப்பினாலே இழுக்கிறது. வெப்பநிலை 65-ஐத் தாண்டவில்லை.

வெப்பநிலையையும் சேர்த்துச் சொன்னதற்கு நன்றி, நான் ஒரு கேள்வி கேட்பது மிச்சமாயிற்று. இது வீடியோ மெமரி, அதாவது கார்டிலேயே இருக்கும் அந்த 8 ஜிபி, நிரம்பி வழிவது. இடம் போதாதபோது மிச்சத்தை சாதாரண ராமில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இழுத்து வர வேண்டியிருக்கிறது. அந்த வழி 4.0, 16 லேன் என்றாலும் விநாடிக்குச் சுமார் 32 ஜிபிதான். கார்டிலேயே இருக்கும் மெமரியோ விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஜிபி தரும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் "ஷேர்டு மெமரி" ஏறிக்கொண்டே போவதைப் பார்ப்பீர்கள்.

டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள், போதும். நிழல், பிரதிபலிப்பு எதையும் தொட வேண்டாம். பின்னால் திறந்திருக்கும் பிரவுசரையும் மூடுங்கள், அதுவும் வீடியோ மெமரி தின்னும்.

கேள்வி: 16 ஜிபி ராம், ஒரே ஸ்டிக். பெட்டியில் 3200 என்று போட்டிருக்கிறது, டாஸ்க் மேனேஜரில் 2133 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை இயக்கும் வரை, டிடிஆர்4 வகை ராம் அந்த மாதிரி அடிப்படை வேகத்தில்தான் ஓடும். ஏஎம்டி போர்டில் பெயர் வேறாக இருக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒரே ஸ்டிக் என்பது. இரண்டு ஸ்டிக் போட்டால் பிராசஸருக்குக் கிடைக்கும் மெமரி அகலம் இரட்டிப்பு. சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட, மிக மெதுவாக வரும் அடிமட்ட 1 சதவீத ஃப்ரேம்களில்தான் அது நன்றாகத் தெரியும், அதாவது ஜெர்க் குறையும். நான்கு ஸ்லாட் இருந்தால் வழக்கமாகப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. மதர்போர்டு கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், மில்லி விநாடியில்) 25 இருக்கும். வீட்டில் யாராவது பெரிய வீடியோவை அப்லோடு செய்தால் 400 ஆகிவிடுகிறது. இன்னும் வேகமான இணைப்பு எடுத்தால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பஃபர்புளோட். ரூட்டர் அல்லது மோடம், அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) நீண்ட வரிசையில் நிறுத்தி வைக்கிறது. உங்கள் கேமின் குட்டி பாக்கெட்டும் அந்த வீடியோவுக்குப் பின்னால் நிற்கிறது. ரூட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதி இருந்தால், அதிலும் எஃப்க்யூ கோடல் அல்லது கேக் என்ற முறை இருந்தால், இயக்கி, வேக வரம்பை உண்மையான வேகத்தில் 85-90 சதவீதமாக வையுங்கள். கொஞ்சம் வேகம் போகும், பிங் நிலைக்கும்.

அதற்கு முன் ஒரு சோதனை: வீட்டில் அப்லோடு எதுவும் ஓடாதபோது ரூட்டரின் முகவரிக்கே பிங் போடுங்கள். அங்கேயே எண் தாவினால் குற்றவாளி வைஃபை. கேபிள் இழுங்கள்.

கேள்வி: ஏஎம்டி ரைசன் பிராசஸர் உள்ள கணினி. தினம் இரண்டு மூன்று தடவை மொத்த கணினியும் ஒன்றிரண்டு விநாடி திக்குகிறது, சத்தமும் கரகரக்கிறது. கேம் இல்லாதபோதும் வருகிறது.

கேம் இல்லாமலும் வருகிறது என்பதுதான் துப்பு. போர்டில் பழைய பயாஸ் இருந்தால் எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் உள்ளமைந்த வசதி) குறையாக இருக்கலாம். இதை 2022 மார்ச்சில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து திருத்திய பயாஸ்கள் வரும் என்று அறிவித்தது. பயாஸை அப்டேட் செய்யுங்கள். டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டிஸ்க் பூட்டிக்கொண்டு நிற்கும். புது பயாஸிலும் தொடர்ந்தால் லேட்டன்சிமான் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டு எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: கேம் பூஸ்டர் போட்டேன், பேஜ் ஃபைலை அணைத்தேன், ரெஜிஸ்ட்ரியில் ஒரு வீடியோவில் சொன்ன பதினைந்து மாற்றமும் செய்தேன். இன்னும் மோசமாகிவிட்டது.

எல்லாவற்றையும் திரும்பப் பழையபடி வையுங்கள். பேஜ் ஃபைல் (ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் டிஸ்க் இடம்) முதலில். அது இல்லாவிட்டால் ராம் தீரும்போது கேம் அப்படியே விழும். அப்புறம் கேமில் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, ரெசல்யூஷனை மட்டும் பாதியாக்கி ஓடிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் இடிப்பது கிராபிக்ஸ் கார்டு. அசையவே இல்லை என்றால் பிராசஸர் அல்லது ராம், அல்லது எங்கோ ஒரு எஃப்பிஎஸ் வரம்பு போட்டு வைத்திருக்கிறீர்கள். இந்த ஒன்றைச் செய்துவிட்டு வாருங்கள், மேலே பேசுவோம்.

கேள்வி: மௌஸை வேகமாக ஆட்டினால் மட்டும் எஃப்பிஎஸ் சரிகிறது.

போலிங் ரேட் (மௌஸ் விநாடிக்கு எத்தனை தடவை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்பது) 4000, 8000 என்று வைத்திருப்பீர்கள். 1000-க்கு இறக்குங்கள்.

கேள்வி: ப்ரோ, ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டால் ஜெர்க் எல்லாம் மறைந்துவிடுமா?

மறையாது. இரண்டு உண்மையான ஃப்ரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பனையாகச் செருகுவதுதான் அது. அடுத்த உண்மையான ஃப்ரேமே 110 மில்லி விநாடி தாமதமாக வந்தால் நடுவில் செருகுவதற்கும் எதுவுமில்லை. ஏற்கெனவே 60-க்கு மேல் சீராக ஓடும் கேமுக்குப் போடுங்கள், அழகாக இருக்கும். வெட்டும் கேமுக்குப் போட்டால் மீட்டரில் எண் இரட்டிப்பாகும், வெட்டு அப்படியே இருக்கும், மௌஸ் இன்னும் கொஞ்சம் பிந்தும்.