அந்த உறையை வாங்கிக்கொள்ளுங்கள்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு கொரியக் குடும்பத்தில் ஆறு வருடங்களாக வீட்டு வேலை செய்கிறேன். சம்பளம் 12,000 ரூபாய். அந்த அம்மா என்னை ‘அக்கா’ என்றுதான் அழைப்பார். அவருக்குக் குழந்தை பிறந்தபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. போனில் பார்த்துக் கடற்பாசி சூப் வைத்துக் கொடுத்தேன். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் இரவெல்லாம் என்னுடன் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் நாடு திரும்புகிறார்கள். போன வாரம் வெள்ளை உறையில் பணம் வைத்து நீட்டினார். கணக்குத் தீர்த்து அனுப்புவதுபோல் இருந்தது, வாங்காமல் வந்துவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. நான் செய்தது சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, வாங்கியிருக்கலாம். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை.

கொரியாவில் கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும், பணத்தை வெள்ளை உறையில் வைத்துத்தான் கொடுப்பார்கள், நம் மொய்க் கவரைப் போல. மதிப்புக்குரியவர் என்றால் இரண்டு கைகளாலும் நீட்டுவார்கள். அவர் எப்படி நீட்டினார் என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கடற்பாசி சூப் வைப்பது அங்கே தாயோ மாமியாரோ செய்கிற காரியம். அதைச் செய்தவரிடமா கணக்குத் தீர்ப்பார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘வீட்டில் ஒருத்தி மாதிரி’ என்று சொல்லியே சம்பளத்தை உயர்த்தாத வீடுகள் நம்மிடையே ஏராளம். பாசத்தைக் காட்டி உழைப்பின் பலனை மறுப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அதை நீங்களே உங்களுக்குச் செய்துகொள்ளலாமா? தொழிற்சாலையில் ஐந்து ஆண்டுகள் முடித்து விலகுபவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துப் பார்த்தால், உங்கள் ஆறு வருடங்களுக்கு 41,000 ரூபாய்க்கு மேல் வரும். வீட்டு வேலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சட்டம் தராததை அவர் மனமுவந்து தருகிறார்.

நாளையே போய், ஏன் மறுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆறு வருடம் உங்களோடு இருந்தவருக்குப் புரியும். கூடவே, உங்கள் வேலையைப் பற்றி ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த வீட்டில் சம்பளம் பேசும்போது கைகொடுக்கும்.

தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? 2007-இல் தொடங்கியது, 18 முதல் 60 வயதுவரை பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையும், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. பதியவில்லை என்றால் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, மாவட்டத் தொழிலாளர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அவர் கிளம்புவதற்குள் இதை முடித்துவிட்டால், வேலைச் சான்றுக்கு அவரிடமே கையெழுத்து வாங்கிவிடலாம்.