மைலோ டின்னில் விழுந்த கேள்விகள்

அறுப்பின் பண்டிகை முடிந்த மறுவாரம், ஆராதனைக்குப் பிறகு டீ குடிக்கும் நேரத்தில், பெண்கள் சங்கத்தார் ஒரு காலி மைலோ டின்னை என் முன்னால் வைத்தார்கள். "வாய்விட்டுக் கேட்க வெட்கமா இருக்கிற கேள்வியையெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதிப் போட்டிருக்கோம், சார். நீங்களே பதில் சொல்லுங்க" என்றார்கள்.

நான் ஐயர் இல்லை, அதாவது சபைப் போதகர் இல்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்கும் திடப்படுத்தல் வகுப்பு நடத்துகிறேன். எங்கள் ஐயர் மூன்று லுத்தரன் சபைகளைப் பார்ப்பதால், அவர் வராத ஞாயிறுகளில் ஆராதனையும் என் தலையில்தான். மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவரின் மகன். என் தகுதி அவ்வளவுதான். எழுதியதை ஐயரிடம் காட்டினேன். ஒரே ஓர் இடத்தில் திருத்தினார். எந்த இடம் என்று சொல்லமாட்டேன்.

"வாத்தியார் தாத்தா, என் மெதடிஸ்ட் தோழி ஓய்வுநாள் கட்டளை நாலாவது என்கிறாள். நம்ம புத்தகத்தில் மூணாவது. யார் தப்பு?" (திடப்படுத்தல் வகுப்பு மாணவி)

யாரும் தப்பில்லை, கண்ணு. யாத்திராகமம் 20-ம் அதிகாரத்தில் கட்டளைகளுக்கு எண் போட்டிருக்கவில்லை. விக்கிரகம் பற்றிய பகுதியை நாம் முதல் கட்டளையோடு சேர்த்துப் படிக்கிறோம். அவர்கள் அதைத் தனியாக இரண்டாவது என்று எண்ணுகிறார்கள். நாம் கடைசியில் வரும் "இச்சியாதிருப்பாயாக" என்பதை இரண்டாகப் பிரிக்கிறோம். கத்தோலிக்கருக்கும் நம் கணக்குதான். எப்படி எண்ணினாலும் பத்துதான் வரும். பரீட்சையில் மட்டும் நம்ம எண்ணை எழுது.

"சார், செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு போயிடுது. ஓய்வுநாளை மீறுகிறாய் என்று அம்மா தினமும் திட்டுறாங்க."

நம் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1529-ல் எழுதிய சின்ன ஞானோபதேசத்தை, அதான் நம் விசுவாசப் பாடப் புத்தகத்தை, எடுத்து அந்தக் கட்டளையின் விளக்கத்தைப் படித்துப் பார், தம்பி. தேவனுடைய வார்த்தையை அசட்டை பண்ணாமல் பரிசுத்தமாக எண்ணி, விருப்பத்தோடு கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இருக்கிறது. எந்தக் கிழமை என்ற பேச்சே அதில் இல்லை. நம் நாட்டிலேயே கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். அங்கே இருக்கிற விசுவாசிகள் எல்லாரும் கட்டளையை மீறுகிறவர்களா? புதன்கிழமை வேதபாடத்துக்கு வா, அதுவும் வார்த்தைதான். அம்மாவிடம் நான் பேசுகிறேன்.

ஆனால் இரண்டு ஞாயிறு வேலை என்றால், மிச்ச இரண்டு ஞாயிறு உன்னை நான் எங்கே பார்க்கிறேன்? புட்சால் மைதானத்தில்.

"மாமா, பெயர் வேண்டாம். அப்பா நாற்பது வருஷம் சம்சு (மலிவுச் சாராயம்) குடிச்சார். அம்மாவை அடிச்சார். சாகிறதுக்கு மூணு நாள் முன்னால் ஐயரைக் கூப்பிட்டு அழுதார், திருவிருந்து வாங்கினார். அடக்க ஆராதனையில் 'கிருபையினால் இளைப்பாறுகிறார்' என்று சொன்னாங்க. ஒரு ஞாயிறு விடாமல் கோயிலுக்கு வந்த அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே இடமா? எனக்கு வயிறு எரியுது."

உன் கையெழுத்து எனக்குத் தெரியும். இருந்தாலும் பெயர் போடவில்லை.

வயிறு எரிவதற்கு வெட்கப்படாதே. மத்தேயு 20-ம் அதிகாரத்தில் உனக்கு முன்பே வயிறு எரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே போவதற்கு முன்னால் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போவோம். ஏனென்றால் நம் மாதிரித் தோட்டத்து ஆட்களுக்குக் கிருபை என்ற சொல் ஏன் தொண்டையில் இறங்குவதில்லை என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

என் அப்பா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, போய் நிற்பார். பேர் கூப்பிடுவார்கள். தாமதமாக வந்தவன் திரும்பிப் போகவேண்டியதுதான். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, பேரும் இல்லை. பேர் என்றால் ஒருநாள் கூலி. பாலை நிறுத்து, கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) செக்ரோல் என்ற கூலிக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவார். பாதி நாள் வேலைக்கு அரைப்பேர். மரத்தில் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலைக்கூட விடாமல் சுரண்டிச் சாக்கில் போட்டுக் கொண்டுபோவார் அப்பா, அதற்கும் காசு உண்டு என்பதால். அந்தப் புத்தகத்தில் எழுதியது வரும், எழுதாதது வராது. எங்களுக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான். மாதக் கடைசியில் கணக்குக் குறைந்தால் அப்பா கிராணியிடம் சண்டைக்கே போவார். போகவும் வேண்டும். மனுஷனுக்கு மனுஷன் கூலி கணக்காகத்தான் கொடுக்கவேண்டும்.

இந்தப் பழக்கத்தோடு கோயிலுக்கு வருகிறோம். பரலோகத்திலும் ஒரு கிராணி உட்கார்ந்து செக்ரோல் எழுதுகிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழுப்பேர், அப்பாவுக்கு அரைப்பேர்கூட இல்லை. நீ கேட்பது அந்தக் கணக்கைத்தான். கணக்கு சரிதான். ஆனால் அப்படி ஒரு புத்தகம் அங்கே இல்லை.

திராட்சத்தோட்டத்துக்காரன் விடியற்காலையில் ஒரு பணம் பேசி ஆள் எடுக்கிறான். பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி. கடைசியில் பதினோராம் மணி, அதாவது நம்முடைய சாயங்காலம் ஐந்து. "ஏன் சும்மா நிற்கிறீர்கள்" என்று கேட்கிறான். எங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே ஒரு பணம். முதலில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். இந்தக் கதையை ஒருநாள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முறுமுறுத்தவர்கள் பக்கம்தான் பேசுவார் என்று நினைத்தேன். அவர் ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு, "பேர் கிடைக்காம சாயங்காலம் வரைக்கும் நின்னிருக்கியா நீ? வெட்டுறதைவிட அது கஷ்டம்டா" என்றார். நான் இதுவரை கேட்ட பிரசங்கங்களில் அதுதான் நல்ல பிரசங்கம்.

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியர் 2:8 சொல்கிறது. இதை உன் அப்பாவுக்கு மட்டும் பொருத்திப் பார்த்து நீ கோபப்படுகிறாய். உன் அம்மாவுக்கும் அதே வசனம்தான். அத்தனை ஞாயிறும் அவர் பேர் போட வந்தாரா? அடி வாங்கிய ராத்திரிக்கு மறுநாள் கோயிலில் அவருக்கு என்ன கிடைத்தது என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேள். அது கூலியாக இருக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. தேவன் மன்னித்தார் என்றால் அடி விழவே இல்லை என்று அர்த்தமில்லை. மன்னிக்கப்பட்டது பாவம் என்றால், அது பாவமாக இருந்தது என்றுதானே பொருள். அடக்க ஆராதனையில் அந்த வீட்டுப் பெண்கள் பட்டதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் விட்டது குறை. ஐயரிடமும் இதைச் சொன்னேன். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" என்று எஜமான் கேட்பதோடு உவமை முடிகிறது. அந்த வேலையாள் என்ன பதில் சொன்னான் என்று எழுதவில்லை. நீயும் இந்த வருஷமே பதில் சொல்லியாக வேண்டும் என்றில்லை.

"ஐயா, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒருத்தர் பூசணிக்காயை 350 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்தார். நான் கீரைக்கட்டு 12 வெள்ளிக்கு எடுத்தேன். பேர் வாசிக்கிறப்ப என் பேர் கடைசியில் வந்துச்சு. என் காணிக்கை சேர்ந்துச்சா?"

சேர்ந்ததம்மா. கூரைக்கு மாற்றிய தகரத்தில் உங்கள் 12 வெள்ளியும் இருக்கிறது.

ஏலம் தப்பில்லை. சிரிப்பும் கூச்சலுமாக, காசு இருக்கிறவன் கையிலிருந்து சபைக்குக் காசு வரும் வழி அது. தொகை வரிசையில் பேர் வாசிப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கமிட்டியில் சொல்லிவிட்டேன், அடுத்த வருஷம் பேரே கிடையாது. 1517 அக்டோபர் 31-ல் லுத்தர் 95 வாக்கியங்களை வெளியிட்டதே, காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால் பாவதண்டனை குறையும் என்று விற்றதை எதிர்த்துத்தான். நம்முடைய ஏலம் அந்த வியாபாரம் இல்லை. ஆனால் "இவ்வளவு கொடுத்தேன், இனி எனக்கு ஒன்றும் வராது" என்று ஒருவன் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அந்தச் சீட்டு அவன் சட்டைப்பையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்த 350 வெள்ளிப் பூசணிக்காயை எடுத்தது நான்தான். மைத்துனரோடு போட்டி. ஸ்தோத்திரம் எதுவும் அதில் இல்லை, வெறும் வீம்பு. வெட்டினால் உள்ளே அழுகல்.

"அண்ணே, கடைவீட்டு சபையில் டிரம்ஸ் அடிச்சு ஆடிப்பாடித் துதிக்கிறாங்க. தினமும் ஆயிரம் ஸ்தோத்திரம் சொன்னால் கதவு திறக்கும்னு சொல்றாங்க. நம்ம கோயிலில் துதியே இல்லையா?"

டிரம்ஸில் எனக்குச் சண்டை இல்லை. 150-ம் சங்கீதத்தில் கைத்தாளமும் நடனமும் இருக்கிறது. நம்முடைய அமைதி எல்லாம் பக்தி என்றும் சொல்லமாட்டேன். பாதிப்பேருக்கு அது தூக்கம்.

ஆயிரம் ஸ்தோத்திரத்தில் ஆயிரம்தான் எனக்கு இடிக்கிறது. மறுபடியும் செக்ரோல். விசுவாசப் பிரமாணத்தின் முதல் பகுதிக்கு லுத்தர் எழுதிய விளக்கத்தைப் பாருங்கள். கண், காது, துணி, செருப்பு, சாப்பாடு, வீடு, பெண்டாட்டி பிள்ளை, ஆடு மாடு என்று ஒரு பட்டியல். செருப்பைக்கூட விடவில்லை மனுஷன். இதெல்லாம் என் தகுதியினால் அல்ல, பிதாவின் தயவினால் கிடைத்தது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் நான் துதிக்கக் கடமைப்பட்டவன் என்கிறார். ஈவு முன்னால் வருகிறது, துதி பின்னால் வருகிறது. கதவைத் திறக்கத் துதிப்பதில்லை, ஏற்கெனவே திறந்திருப்பதால் துதிக்கிறோம். காலையில் ஜெபித்துவிட்டு ஒரு பாட்டோடு சந்தோஷமாக வேலைக்குப் போ என்றும் எழுதியிருக்கிறார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரத்துக்கு மரம் போகும்போது என் அம்மா பாடியது அந்த வகை. கேட்க ஆளே இல்லை.

"ஞானப்பாட்டு எல்லாம் இழுவையா இருக்கு சார். கீர்த்தனை மட்டும் பாடினால் என்ன?" (வாலிபர் சங்கம்)

இழுவை நம்முடைய குற்றம். 1706-ல் சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அவர்கள் வழியில் பின்னால் வந்த பப்ரிசியஸ் ஐயர் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழில் கொடுத்தார். அந்த மெட்டுகள் லுத்தர் காலத்தில் துள்ளலாகத்தான் இருந்தன. பின்னால் வந்தவர்கள் எல்லா ஸ்வரத்தையும் ஒரே நீளத்துக்கு ஆக்கினார்கள், நாம் அதையும் இன்னும் இழுத்தோம். கீர்த்தனைக்கு வந்தால், தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மாதிரி ஆட்கள் நம் ராகத்திலேயே தந்த சொத்து இருக்கிறது. இரண்டும் கப்பலேறி நம் தாத்தா பாட்டியின் தகரப்பெட்டியில் வந்தவைதான். கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள், மூன்று வாரம் பாடிப்பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

"பேத்தி ஏழாம் மாசத்திலேயே பிறந்துட்டா. ஆஸ்பத்திரியில் மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. ஐயர் வர ரெண்டு மணி நேரம் ஆகும்னாங்க. என் மகளும் மருமகனும் அழுதுக்கிட்டே சரின்னதும், நானே ஒரு கரண்டித் தண்ணியில் ஞானஸ்நானம் கொடுத்துட்டேன். இப்ப பிள்ளை நல்லா இருக்கா. திரும்பக் கொடுக்கணுமா?"

வேண்டாம் அக்கா. தண்ணீர் இருந்தது, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமம் இருந்தது, முடிந்தது. ஆபத்து நேரத்தில் எந்தக் கிறிஸ்தவரும் கொடுக்கலாம். அதை மறுபடியும் கொடுப்பதில்லை. ஐயரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். ஒரு ஞாயிறு பிள்ளையைச் சபைக்கு முன் கொண்டுவாருங்கள், ஸ்தோத்திரம் செய்வோம். மேலே வயிறு எரிகிற பிள்ளைக்கு நான் எழுதினதை நீங்களும் படியுங்கள். உங்கள் பேத்தி அன்று எந்த வேலையும் செய்யவில்லை, மூச்சுவிடக்கூட முடியாமல் கிடந்தாள்.

"திருவிருந்துக்கு முன் உபவாசம் இருந்தே ஆகணுமா? சர்க்கரை வியாதி."

சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டு வாருங்கள். உபவாசம் நல்ல வெளிப்பயிற்சிதான், ஆனால் "உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது, சிந்தப்பட்டது" என்ற வார்த்தையை விசுவாசிக்கிறவனே தகுதியுள்ளவன் என்று ஞானோபதேசத்திலேயே இருக்கிறது.

"பெரிய வெள்ளிக்கு லீவு உண்டா? குருத்தோலைக்கு என்ன கொண்டு வரணும்?"

சபா, சரவாக்கில்தான் பெரிய வெள்ளி பொது விடுமுறை. நமக்கு இல்லை. இப்போதே வருடாந்திர லீவில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், முடியாதவர்களுக்குச் சாயங்காலம் ஓர் ஆராதனை வைக்க ஐயரைக் கேட்டிருக்கிறேன்.

குருத்தோலைக்குத் தென்னை ஓலை மட்டும் கொண்டு வாருங்கள். போன வருஷம் யாரோ சுலபமாகக் கிடைக்கிறதே என்று செம்பனை மட்டையை வெட்டிக் கொண்டுவந்து, இரண்டு பிள்ளைகள் கையில் முள் ஏறி, ஓசன்னா தொடங்குமுன்பே அழுகை தொடங்கிவிட்டது. பவனி முடிந்ததும் ஓலையைக் குப்பையில் போடாதீர்கள். பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில் சாக்கு வைத்திருக்கிறேன். அடுத்த சாம்பல் புதனுக்குச் சாம்பல் அதிலிருந்துதான்.