விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. கணினியை நானே சரிசெய்ய முடியுமா?

விசிறி சுற்றுகிறது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. உள்ளே மின்சாரம் போகிறது. முதலில் திரையின் கேபிளைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் அட்டை) இருக்கும்போது கேபிளை அதில் செருகாமல் மதர்போர்டில் (கணினியின் தாய்ப்பலகை) செருகிவிட்டு முழிப்பவர்கள் நிறையப் பேர். நானும் முழித்திருக்கிறேன்.

அது சரியாக இருந்தால், என் சந்தேகம் ரேம் (தற்காலிக நினைவகப் பட்டை) மீதுதான். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல்; அதில் ரேமின் பற்கள் மங்கிவிடலாம். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சன்னலோரம் இருந்த கணினியும் இப்படித்தான் படுத்துக்கொண்டது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தினேன். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றினால், பொன்னிறப் பற்கள் மங்கிக் கிடந்தன. மகளின் வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்து, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். திரை வந்துவிட்டது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கெட்டது எது என்று தெரிந்துவிடும்.

அப்புறமும் எழவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் பேட்டரியை (பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட்) ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள்; பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும்.

பவர் சப்ளையை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். அதில்தான் சந்தேகம் என்றால் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கடையில் பெட்டியைத் திறக்கும் முன்பே பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.