ஸ்டீவன்ஸ்-ஜான்சன் (பெரும்பாலும் மருந்து ஒவ்வாமல் போய், தோலும் வாய், கண் சவ்வுகளும் வெந்து உரியும் நோய்) வந்து தோல் ஆறிவிட்டது, கண் உறுத்தல் மட்டும் போகவில்லை. கருவிழி மாற்றினால் சரியாகுமா?

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். உங்களிடமும் "உயிர் பிழைத்ததே பெரிது, கண் தானாகச் சரியாகும்" என்று சொல்லியிருப்பார்கள். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

என் தங்கைக்கு வலிப்புக்காக கார்பமசெபின் கொடுத்தார்கள். 16-ஆம் நாள் காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு. சாதாரணக் காய்ச்சல்தான் என்று மேலும் இரண்டு நாள் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தது நான்தான். அப்புறம் உதடு வெந்து, முதுகுத் தோல் உரிந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண் மருத்துவர் வந்து பார்த்தது 12 நாள் கழித்து. முதல் வாரத்திலேயே பனிக்குடச் சவ்வை (கருப்பையில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு) கண்மேலும் இமைக்கு உள்ளேயும் போர்த்தியிருந்தால் தழும்பு பெருமளவு குறைந்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

இமை ஓரத்தின் உட்பக்கம் தோல் போலத் தடித்து, இமைக்கும்போதெல்லாம் கருவிழியைத் தேய்க்கும். உங்கள் உறுத்தலுக்கும் அது காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். கருவிழியின் விளிம்பில் இருக்கும் ஸ்டெம் செல்கள் அழிந்திருந்தால், அதன் மேற்படலம் புதுப்பிக்கப்படாது. அந்த நிலையில் தானக் கருவிழியை வைத்தாலும் பெரும்பாலும் நிலைக்காது. தங்கைக்கு உதட்டின் உட்தோலை எடுத்து இமை ஓரத்தில் ஒட்டினார்கள். பிறகு ஸ்கிலீரல் லென்ஸ், அதாவது கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியின் மேல் உட்காரும் பெரிய கான்டாக்ட் லென்ஸ். அதைக் கிண்ணம் போல விரல்களில் ஏந்தி, சலைனைத் ததும்ப நிரப்பி, தரையைப் பார்த்துக் குனிந்தபடி கண்ணில் வைப்பாள். ஒரு குமிழி உள்ளே போனாலும் கழற்றி மறுபடி முதலிலிருந்து. ஆனால் இப்போது எழுத்து தெரிந்து படிக்கிறாள்.

மாத்திரையே விஷம் என்று நான் சொல்வதாகச் சண்டைக்கு வர வேண்டாம். எத்தனையோ பேரின் வலிப்பை அதே மாத்திரைதான் அடக்கி வைத்திருக்கிறது. எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு கார்பமசெபினால் இந்த ஆபத்து மிக அதிகம் என்று 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மாத்திரை தொடங்கும் முன்பே ரத்தத்தில் பார்த்துவிடலாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் பட்டால் அவளுக்கு ஊசி குத்துவது போல வலிக்கும். வேலை நேர்காணலில் "மரியாதைக்காவது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள்" என்றார்கள். கழற்றினாள். கண்ணீர் வழிய வழியப் பதில் சொன்னாள். அந்த வேலையும் கிடைக்கவில்லை.