ஷிஃப்ட் பொறுப்பாளர் சுரங்க மேலாளராக வேண்டுமானால் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: சுரங்கப் பொறியியல் முடித்துவிட்டு ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். மேலாளர் தேர்வுக்குப் படித்து வருகிறேன். நிலத்தடிச் சுரங்கத்துக்கு மாற்றலாகும் வாய்ப்பும் உண்டு. உற்பத்தி, பாதுகாப்பு, செலவு எல்லாமே மேலாளர் தலையில்தான் என்கிறார்கள். முதலில் எதைக் கற்றுக்கொள்வது? எம்.பி.ஏ. சேரலாமா?

பதில்: தேர்வுக்கான சட்டப் பிரிவுகளை எப்படியும் படித்துவிடுவீர்கள், அவை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். உற்பத்தி, பாதுகாப்பு, செலவு என்று நீங்கள் அடுக்கியதிலிருந்து தொடங்குவோம். மேலாளரின் மேஜைக்கு இவை தனித்தனியாக வருவதில்லை. முகப்பில், அதாவது வெட்டு நடக்கும் இடத்தில், நடப்பது முடிவெடுக்கிறவருக்குச் சரியாக, நேரத்தோடு தெரிகிறதா, தெரிந்ததும் அவர் ஏதாவது செய்கிறாரா? மூன்றுமே இதைப் பொறுத்தவைதான்.

நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தில் 2010 நவம்பர் 19 அன்று வெடிவிபத்து நடந்து 29 பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் பழைய ஷிஃப்ட் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தது. விபத்துக்கு முந்தைய 48 நாட்களில், மீத்தேன் வெடிக்கக்கூடிய அளவை எட்டியதாக 21 பதிவுகள் இருந்தன. அதற்குக் கீழே, ஆனாலும் ஆபத்தான அளவில் 27 பதிவுகள். கீழே வேலை செய்தவர்கள் எழுதித்தான் வைத்திருந்தார்கள். அதை வைத்து வேலையை நிறுத்தத்தான் ஆளில்லை. மேலாளராக விரும்புகிற ஒவ்வொருவரும் இந்த ஆணையத்தின் அறிக்கையை முழுதாகப் படிக்க வேண்டும் என்பேன்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிங்கம் கேன்யன் செப்புச் சுரங்கத்தில் ஒரு சரிவு நகர்வதை மாதக்கணக்கில் அளந்துகொண்டே வந்தார்கள். நகர்வு வேகமெடுத்ததும் ஆட்களை வெளியேற்றினார்கள். 2013 ஏப்ரல் 10 இரவு 14 கோடி டன்னுக்கு மேல் பாறை சரிந்தது. இயந்திரங்கள் புதைந்தன, ஒருவருக்கும் காயமில்லை. அளப்பவர் சொன்னதும் உற்பத்தியை விட்டுக்கொடுத்து வேலையை நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தால்தான் இது நடக்கும். உங்கள் சுரங்கத்தில் எந்த அளவுக்கு மேல் போனால் யார் நிறுத்தலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்களா? நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.

சரி, கற்க வேண்டியவற்றுக்கு வருவோம். முதலில் வரைபடம். சர்வேயரோடு நடங்கள். தாளில் இருப்பதும் தரையில் இருப்பதும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்கும் பழக்கம் வர வேண்டும். 2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் குவீக்ரீக் சுரங்கத்தில், கைவிடப்பட்ட பக்கத்துச் சுரங்கத்தின் கடைசி வரைபடம் கையில் இல்லாமல் வேலை நடந்தது. தூரத்தில் இருப்பதாக நினைத்த பழைய வெட்டுக்குள் முகப்பு உடைத்துக்கொண்டு போக, அங்கே தேங்கியிருந்த தண்ணீர் உள்ளே பாய்ந்தது. சிக்கிக்கொண்ட ஒன்பது பேரையும் 77 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு மீட்டார்கள். பழைய வெட்டு அருகில் இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே, முன்னால் துளையிட்டுப் பார்க்காமல் நகரக் கூடாது.

அடுத்தது காற்று. நிலத்தடிக்குப் போவதாக இருந்தால் இதில் நேரம் செலவிடுங்கள். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். காற்றைவிட லேசானது என்பதால் கூரையோரம் தேங்கும், ஆகவே இடுப்பளவில் அளந்துவிட்டுப் பாதுகாப்பு என்று எழுதுவதில் பொருளில்லை. இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள்: அதே பாதைகள் வழியே இரண்டு மடங்கு காற்று அனுப்ப வேண்டுமென்றால் விசிறிக்கு எட்டு மடங்கு மின்திறன் வேண்டும். ஆகவே முகப்பில் காற்று குறைந்தால் பெரிய விசிறி கேட்டு எழுதுவதற்கு முன், தடுப்புச் சுவர்களும் காற்றுக் கதவுகளும் எங்கே ஒழுகுகின்றன என்று நடந்து பாருங்கள். ஒழுகலை அடைத்தால் மின்கட்டணமும் குறையும், ஆட்களுக்கு மூச்சும் கிடைக்கும்.

திறந்தவெளியில் அதே இடத்தைப் பிடிப்பது சாலை. டம்பர் (பாறை ஏற்றும் பெரிய லாரி) ஓடும் சாலையைப் பராமரிப்பது கடைசி வேலை என்று பல இடங்களில் நினைக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 8 சதவீத ஏற்றத்தில், நல்ல தரையின் உருளும் எதிர்ப்பு, அதாவது சக்கரம் உருள்வதற்குத் தரை தரும் தடை, 2 சதவீதம் என்று வைத்தால், வண்டி மொத்தம் 10 சதவீதத்தை எதிர்த்து ஏறுகிறது. மழையில் சாலை குழைந்து அந்த எதிர்ப்பு 5 ஆனால் மொத்தம் 13. அதே எஞ்சின் திறனில் ஏறும் வேகத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். சாலையைச் சமன் செய்யும் ஒரு கிரேடரும் ஒழுங்கான வடிகாலும் செய்ய வேண்டிய வேலையை, புது டம்பர் வாங்கிச் செய்ய முடியாது. அகலம், ஓர அணை, தூசி அடக்கத் தண்ணீர் தெளிப்பது எல்லாம் இதே கணக்கில்தான் வரும். ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரியாத சாலையில் டன் கணக்கும் ஏறாது.

இயந்திரங்களைப் பற்றிச் சுருக்கமாக: பழுதில்லாமல் தயாராக நின்ற நேரமும் உண்மையில் ஓடிய நேரமும் வேறு வேறு. 85 சதவீத நேரம் தயாராக இருந்து, அதில் 70 சதவீதம் ஓடினால், மொத்தத்தில் 60 சதவீதத்தை எட்டுவதில்லை. மீதி ஷிஃப்ட் மாற்றத்தில், டீசல் நிரப்புவதில், வெடிவைப்புக்குக் காத்திருப்பதில் போகிறது. எங்கே போகிறது என்று ஒரு வாரம் நீங்களே குறித்துப் பாருங்கள்.

அப்புறம், மேலாளர்கள் அதிகம் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மாத இலக்கு நெருங்கும்போது மேல்மண் அகற்றுவதைத் தள்ளிப்போட்டு, கைக்கெட்டிய தாதுவை மட்டும் அள்ளத் தோன்றும். நிலத்தடியில் என்றால் புதிய பாதை வெட்டுவதை நிறுத்திவிட்டு, தயாராக இருக்கும் இடங்களைத் தின்பது. அந்த மாத அறிக்கை அழகாக இருக்கும், டன்னுக்கான செலவும் இறங்கும். சில மாதங்களில் வெட்ட இடமே இருக்காது. தாது அள்ளும் ஷவல் நெருக்கத்தில் நிற்கும், படிபோல வெட்டிய தளமான பெஞ்ச் குறுகும், சரிவு செங்குத்தாகும். ஆபத்தும் நஷ்டமும் அங்கே சேர்ந்தே வரும். எத்தனை மாத வேலைக்குத் தாது திறந்து கிடக்கிறது என்ற எண்ணை உற்பத்தி எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மேலிடத்துக்கு அறிக்கை போகும்போது இரண்டும் சேர்ந்தே போகட்டும்.

ஆட்கள் விஷயத்தில் உங்களுக்கு இப்போதே ஒரு வாய்ப்பு இருக்கிறது: ஷிஃப்ட் ஒப்படைப்பு. "எல்லாம் சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுப் போவதை ஏற்காதீர்கள். எங்கே கூரை தட்டினால் வெற்றுச் சத்தம் வந்தது, எந்தத் துளையில் வெடிக்காத மருந்து இருக்கலாம், எந்தப் பம்பு நின்றது என்று மூன்று கேள்வியாவது கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியும் அந்த வட்டத்தில் நிற்க வேண்டும். ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும் இடத்திலிருந்து விலகும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1995ஆம் ஆண்டு சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கை, எண் 176. தாளில் உரிமை இருந்தும், முதலில் விலகி வந்தவரை மேலதிகாரி திட்டினால், இரண்டாவது ஆள் வாயே திறக்க மாட்டார். அப்படி ஒருவர் வந்து சொன்னால் நன்றி சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். அவர் நினைத்தது தவறாக இருந்தாலும் அப்படித்தான்.

எம்.பி.ஏ. பற்றி: இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. பட்ஜெட், ஒப்பந்தம், நிதிக் கணக்கு எல்லாம் மேலாளருக்குத் தேவைதான், மூடும் செலவையும் நிலத்தைச் சீரமைக்கும் செலவையும் முதல் நாளிலிருந்தே கணக்கில் எடுக்கவும் அது உதவும். ஆனால் சர்வே, காற்றோட்டம், இயந்திரப் பராமரிப்புத் திட்டமிடல் ஆகிய மூன்று பிரிவிலும் சில மாதங்களாவது இருந்துவிட்டுப் படித்தால், ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் எந்த முகப்பு, எந்த வண்டி இருக்கிறது என்று தெரிந்து படிப்பீர்கள். உங்கள் மேலாளரிடம் இந்த இடமாற்றத்தை எழுத்தில் கேளுங்கள். மூன்றும் கிடைக்காவிட்டால் காற்றோட்டத்தை முதலில் கேளுங்கள். திறந்தவெளியில் இருக்கும்போது கற்றுக்கொள்ள முடியாதது அதுதான்.